விரல் குறைந்த இயந்திரம்

தலைமை இருக்கையை நிறைத்து வீற்றிருக்கும் கட்டடக் குழுத் தலைவர் வேங்கடேசன் அவர்களே, மாலையின் கனத்தால் ஒருபுறம் சாய்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் மாசிலாமணி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசைத் தாய்மார்களே, கயிற்றுக்கு அப்பால் வெயிலில் நிற்கும் சித்தாள் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஒன்பதாம் வகுப்பு லூர்துமேரியின் வணக்கம்.

நன்றியுரை சொல்ல என்னை அழைத்தார்கள். ஆசிரியை எழுதிக் கொடுத்த ஐந்து வரி இடக்கையில் இருக்கிறது. நான் எழுதியது வலக்கையில் இருக்கிறது. வலக்கைத் தாளையே படிக்கிறேன்.

சுதந்திரம் வந்து பதினேழு ஆண்டு கழித்து விழுப்புரத்துக்கு ஒரு புதிய படிப்பகம் வந்திருக்கிறது. முகப்பைப் பாருங்கள். வழவழவென்று பூசிய சுவர் அன்று. வரிவரியாய், வளைவுவளைவாய்க் கான்கிரீட் பலகை போர்த்திய சுவர். மல்லாட்டைக் கடலைக் கொல்லையின் உழவுச் சால் போல, காற்றடித்த ஏரியின் அலை போல. நம் மண்ணே சுவராக எழுந்து நிற்கிறது என்று தலைவர் முழங்கினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எப்படி எழுந்தது என்று யாராவது கேட்டீர்களா?

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இந்த வட்டாரத்தின் இயற்கை இந்தச் சுவரில் தெரிய வேண்டும் என்றார். நல்ல எண்ணம். படமும் வரைந்து வந்தார். படத்தில் என்ன இருந்தது? அருவி இருந்தது. விழுப்புரத்தில் அருவியா? சித்திரையில் இங்கே குழாயிலேயே தண்ணீர் விழுவதில்லை. அருவிக்குப் பக்கத்தில் ஒரு மான் நின்றது. கெடார் கிராமத்திலிருந்து வந்தவர்கள் சிரிக்கிறீர்கள். மானைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை.

அருவிக்கும் மானுக்கும் செய்த அச்சு லாரியில் வந்தது. திண்டிவனம் தாண்டியதும் சாலையில் ஒரு பள்ளம். இந்த வட்டாரத்தின் உண்மையான இயற்கையை அச்சு அங்கேதான் சந்தித்தது. அருவி நொறுங்கியது, மான் இரண்டானது. திறப்பு விழாவோ நெருங்கியது. மாசிலாமணி அவர்கள் சித்தாள் பெண்களைக் கூப்பிட்டார்.

"அச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம். சட்டத்துல கலவையக் கொட்டி, மேல மட்டமா தேச்சி உட்டுட்டுப் போங்க. ஜல்தி."

தேய்த்தவை யார் கைகள்? வீட்டுத் தரையைச் சாணமிட்டு மெழுகும் கைகள். மெழுகும் கை கடைசியில் என்ன செய்யும்? விரல்களை விரித்து, வளைத்து, ஒரு வீச்சு வீசும். வீச்சுக்கு நான்கு வரி விழும். வரி விழாத தரை மெழுகாத தரை. அம்சா அக்கா வீசினார். என் தாய் சவுரியம்மாள் வீசினார். மற்றவர்களும் வீசினார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை. மறுநாள் மாசிலாமணி அவர்கள் வந்து பார்த்தால் சிமெண்டு இறுகியிருந்தது, வரிகளும் இறுகியிருந்தன.

"இன்னாம்மா இது, கவர்மெண்டு பில்டிங்கா, மாட்டுக் கொட்டாயா?"

எல்லோரும் தலைகுனிந்தார்கள். என் தாய் மட்டும் பதில் சொன்னார்.

"கை பழக்கம்ங்க. தேச்சிக்கினே இருந்தமா, தானா வந்துட்சி."

"அப்ப அந்தக் கைய எடுத்துக்கினு வூட்டுக்குப் போ."

கேட்டவர் மேடையில் இருக்கிறார். பதில் சொன்னவர் கயிற்றுக்கு அப்பால் இருக்கிறார்.

புதிதாக வார்க்க நாளில்லாததால் அந்தப் பலகைகளையே பொருத்தினார்கள். பிறகு ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். சுவரைத் தடவினார். "இந்த ஊர் நிலமேதான் இது. யார் செய்தது?" என்றார். மாசிலாமணி அவர்களுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"மெட்ராஸ்ல மிஷின்ல போட்டு எடுத்தாந்தோம்ங்க."

ஆகா, என்ன விந்தை. ஒரு நிமிடத்தில் மாட்டுக் கொட்டகை மாளிகையானது. பிழை பெருமையானது. கை இயந்திரமானது.

இப்போது திண்டிவனத்தில் கட்டும் பயணியர் விடுதிக்கும் இதே சுவர் வேண்டுமாம். மற்றப் பெண்களை லாரியில் அழைத்துப்போகிறார்கள். என் தாயை மட்டும் அழைக்கவில்லை. ஏன்? ஒப்பந்தக்காரர் சொல்லமாட்டார். சுவர் சொல்லும்.

வாசலுக்கு இடப்புறம் மூன்றாம் பலகையைப் பாருங்கள். மற்றவற்றில் வீச்சுக்கு நான்கு வரி. அதில் மூன்றே வரி. நடுவே வரப்பு போல் ஒரு வெற்றிடம். சென்னையில் இயந்திரங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த இயந்திரம், ஐயா, ஜல்லி உடைத்து நடுவிரலை இழந்தது?

மணி அடிக்கிறார்கள். "பேசட்டும் உடுங்கப்பா" என்கிறது பின்வரிசை. முடித்துவிடுகிறேன்.

பளிங்குக் கல்லில் எங்களுக்கு இடம் கேட்கவில்லை. புத்தகம் புரட்ட நேரமில்லாத பெரியவர்களின் பெயர்களால் படிப்பகத்தின் நெற்றி ஏற்கெனவே நிறைந்துவிட்டது. கேட்பது ஒன்றே ஒன்று. நாளைக் காலை திண்டிவனம் போகும் லாரியில் என் தாய்க்கு ஓர் இடம். கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் நான் பள்ளியில் இருக்கமாட்டேன், மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருப்பேன். நன்றியுரைக்கு வேறொரு பெண் கிடைப்பாள். அந்த மூன்று வரிக்கு வேறொரு கை கிடைக்குமா?

நன்றி சொல்ல மறக்கவில்லை. சாலைப் பள்ளத்துக்கு நன்றி. நொறுங்கிய அருவிக்கு நன்றி. இரண்டான மானுக்கு அனுதாபம். என்னை இதுவரை இறக்கிவிடாத உங்களுக்கு நன்றி. என் வணக்கத்தைச் சொல்லிவிட்டேன். இனி இயந்திரத்தின் வணக்கம்தான் பாக்கி.

அம்மா, அங்கே நின்றபடியே சபைக்கு ஒரு கும்பிடு போடு. கையை நன்றாகத் தூக்கிப் போடு. தலைவர் ஐயா விரல்களை எண்ணட்டும்.