அப்பா வாயில் தேன்

பூய்-ஷான்: ...அம்மா கட்டில் திரையைத் தொடாதே அண்ணா. உள்ள பேசுறது நம்ம அப்பாதான்.

யிக்-சாங்: அப்பாவா? பக்கத்துக் கட்டில்ல யாரோ...

பூய்-ஷான்: காதைக் கொடுத்துக் கேளு.

யிக்-சாங்: "அழகி... இன்னும் ஒரே ஒரு வாய்..." அழகியா? அம்மாவையா சொல்றாரு?

பூய்-ஷான்: வேற யாரை? சந்தையில கீரை விக்கிற அம்மா, வாங்க வர்றவங்களையெல்லாம் அழகின்னு கூப்பிட்டாலே மூஞ்சியைச் சுளிப்பாரே. "வாயில இனிப்பு, நாக்குல வழுக்கல்"னு.

யிக்-சாங்: பஸ் டிப்போவுல மேலாளருக்கு ஷூ துடைச்சு, உயரத் தொப்பி மாட்டிவிடுற மாதிரிப் புகழ்ந்து, எல்லாரும் மேல போயிட்டாங்க. இவரு வாயே திறக்கல. கடைசி வரைக்கும் டிரைவர்.

பூய்-ஷான்: கல்யாணத்தன்னிக்கு அம்மாவோட தோழிங்க கதவை மறிச்சுக்கிட்டு, பொண்ணைப் பத்தி இனிக்க இனிக்கச் சொன்னாத்தான் விடுவோம்னாங்களாம். இவரு சொன்னது... "காய்கறி மூட்டையைத் தனியாவே தூக்குவா."

யிக்-சாங்: கதவு திறந்துச்சா?

பூய்-ஷான்: அம்மாவே பாவம் பார்த்துத் திறந்துவிட்டாங்களாம். உஷ்... கேளு.

யிக்-சாங்: "நீ சிரிச்சா இந்த வார்டுக்கு விளக்கே வேண்டாம்..." எனக்குப் புல்லரிக்குது ஷான். இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா?

பூய்-ஷான்: ஆபரேஷன் முடிஞ்சு அம்மா எதையும் தொடல. இப்படியே போனா மூக்குல குழாய் போடணும்னு டாக்டர் சொன்னாரே... அன்னிக்குத்தான் திறந்துச்சு இந்த வாய். பயம்தான்.

யிக்-சாங்: இன்னும் முரண்டு பிடிக்கிறாங்களே.

பூய்-ஷான்: அண்ணா... ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

யிக்-சாங்: என்ன?

பூய்-ஷான்: தினம் காலையில நான் கொண்டுவர்ற மீன் கஞ்சியை அம்மா வழிச்சுச் சாப்பிடுறாங்க. அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னாங்க. சாப்பிடுறேன்னு தெரிஞ்சா அந்த வாய் மூடிக்குமாம்.

யிக்-சாங்: ...மத்தியானம் என் நூடுல்ஸையும்தான். எனக்கும் அதே சத்தியம்.

பூய்-ஷான்: அடப்பாவி. ஐயோ, அப்பா வெளிய வர்றாரு.

அப்பா: ரெண்டு பேரும் வந்தாச்சா? நாளையிலேர்ந்து கஞ்சியும் நூடுல்ஸும் கொஞ்சமாக் கொண்டுவாங்க. வயிறு நிறைஞ்சவளுக்கு என் தாமரைக்கிழங்கு சூப் எப்படி இறங்கும்?

யிக்-சாங்: அப்பா... உங்களுக்குத் தெரியுமா?

அப்பா: நர்ஸு முதல் நாளே சொல்லிட்டா.

பூய்-ஷான்: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு கெஞ்சுனீங்க?

அப்பா: அவ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தாம்மா... எனக்கும் நிறுத்த மனசு வரல.