நெய் தடவிய கை

குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"பொறந்தநாள் கேக்கை நானே உதுத்துட்டேங்க்கா."

"என்னாடி, யாரு மேல கோவம்?"

"கோவமில்லக்கா. பாப்பா குச்சி கேக்கு கேட்டா. கேக்கை உதுத்து, கிரீம் போட்டுப் பிசைஞ்சி, உருட்டி, குச்சி சொருவி, சாக்லேட்டுல முக்கணும். நான் பழக்கதோஷத்துல கையில நெய்யத் தடவிக்கினு லட்டாட்டம் உருட்டிட்டேன். சாக்லேட்டு ஒட்டவே இல்ல, வழுக்கிக்கினு எறங்குது."

"ஐயையோ!"

"சாயங்காலம் எங்க குவார்ட்டர்ஸ் பிளாக்குப் புள்ளைங்க அத்தினியும் வரும். இவரு செகண்ட் ஷிப்ட். எதிர்வூட்டம்மா எட்டிப் பாத்துட்டு, 'பேசாம கடையில வாங்கியிருக்கலாம்ல'ன்னுட்டுப் போவுது."

"அப்புறம்?"

"விட்டனா? பிஸ்கட்டப் பொடிச்சி, அதுல உருண்டைங்களப் பொரட்டி, பிரிட்ஜில வெச்சேன். குச்சி மொனையையும் சாக்லேட்டுல தொட்டுச் சொருவினேன். மறுபடி முக்குனா, கப்புன்னு புடிச்சிக்கிச்சி! இட்லித் தட்டக் கவுத்து, ஓட்டையில வரிசையா நட்டு வெச்சேன்."

"புள்ளைங்க தின்னுச்சா?"

"குச்சிதாங்க்கா மிச்சம். எதிர்வூட்டம்மாவே ரெண்டு தின்னாங்க. ஞாயித்துக்கெழம அவங்க பையனுக்குப் பொறந்தநாளு. கடையில கேக்கு சொல்லலியாம். எப்பிடிச் செய்யறதுன்னு என்னைய வந்து கேட்டாங்க."

"சொன்னியா?"

"எல்லாஞ் சொன்னேன்."

"நெய் தடவக் கூடாதுன்னு?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"மொத ஈடு அவங்களுக்கும் வழுக்கட்டுங்க்கா. அப்புறம் போயி சொல்றேன்."