அறிமுக விலை

...அதத்தான் சார் நானும் கேட்டேன். சாஃப்ட்வேர்னா வாங்கிப் போட்டா போட்டதுதானே? இந்த மேசைய வாங்கினேன். மேசைக்காரன் மாசாமாசம் வந்து, 'இன்னும் இதுமேல கை வச்சுக்கிட்டுதான் இருக்கீங்களா, அப்ப காசக் குடுங்க'ன்னா கேக்குறான்? இந்த சாஃப்ட்வேர்காரன் கேக்குறான் சார். அதுவும் தலைக்கு இவ்வளவுன்னு. நான், என் தங்கச்சி, பில் போடுற பொண்ணு, கடையில மொத்தமே மூணு பேரு. மூணு பேருக்கும் தனித்தனி லைசென்ஸ்.

உக்காருங்க சார், நின்னுக்கிட்டே இருக்கீங்க. உங்க பழைய பவர் என்னன்னு பாக்கணும், அவ்வளவுதானே? பில் போடுற பொண்ணு இன்னிக்கு லீவு, தங்கச்சி பேங்க் வரைக்கும் போயிருக்கா, வந்துருவா. அவதான் கண்ணு பாக்குறவ, அதுக்குன்னே படிச்சவ. நான் ஃபிரேம் விக்கிறவன். கம்ப்யூட்டர் என் முன்னாடியேதான இருக்கு, நீயே பாத்துச் சொல்ல வேண்டியதுதானேன்னு நினைக்கிறீங்க. புரியுது. அதுக்குத்தான் வர்றேன்.

பழைய கம்பெனிக்காரன் முதல்ல நல்லாத்தான் இருந்தான். நம்ம கடையில கண்ணு பாத்த ஒவ்வொருத்தர் பவரும் அதுக்குள்ள இருக்கும். பேரப் போட்டா வலது கண்ணு இவ்வளவு, இடது கண்ணு இவ்வளவுன்னு வந்து நிக்கும். அப்புறம் ஒருநாள் மெயில் வருது. 'உங்களுக்கு இன்னும் சிறப்பா சேவை செய்ய' விலைய ஏத்துறானாம். சார், இவ்வளவு மரியாதையா எழுதியிருந்தாலே நான் பர்ஸத் தொட்டுப் பாத்துக்குவேன். சரி போகட்டும்னு கட்டினேன். அடுத்த வருஷம் மறுபடியும் சிறப்பு. அதுக்கடுத்த வருஷம் எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். போன் போட்டா பாட்டுப் போடுறான். பாட்டு முடிஞ்சு ஒரு பொண்ணு வந்து, 'உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது சார்'ங்குது. என் உணர்வு என் பொண்டாட்டிக்கே புரியல, இந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருச்சாம்.

தங்கச்சி சொன்னா, "அண்ணா, கட்டிட்டுப் போயிரலாம். மாத்துறேன்னு போயி இருக்கிறதக் கெடுத்துக்க வேண்டாம்." நான் கேப்பேனா? நான்தான் முதலாளி. வேற கம்பெனி பாத்தேன். பாதி விலை. அறிமுக விலைன்னு போட்டிருந்தான். அந்த 'அறிமுக'வ நான் படிக்கல, 'விலை'ய மட்டும் படிச்சேன். பழைய கணக்க எல்லாம் புதுசுக்கு மாத்திக் குடுக்கத் தனியா கேட்டான். அதையும் எதுக்குக் குடுக்கணும்? நாமளே மாத்திக்கலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை கடைய உள்பக்கமா பூட்டிக்கிட்டு உக்காந்தேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டேன். பொண்டாட்டிக்குப் போன் பண்ணி, 'நானே என்கிட்ட இவ்வளவு எதிர்பாக்கல'ன்னு பெருமையாச் சொன்னேன். நெசமாவே யாரும் எதிர்பாக்கல சார்.

அதுக்கப்புறம் பழைய கஸ்டமர்ஸ் வர்றாங்க. ஃபிரேம் உடைஞ்சுச்சு, கண்ணாடியில கீறல் விழுந்துச்சு, அதே பவர்ல வேற போட்டுக் குடுங்கன்னு கேக்குறாங்க. பவர கம்ப்யூட்டர்ல எடுத்து லென்ஸுக்கு ஆர்டர் போட்டுக் குடுக்குறோம். ஸ்கூல் வேன் ஓட்டுற டிரைவர் ஒருத்தரு, போட்டுட்டுப் போன மறுநாளே வந்தாரு. "தலை சுத்துது. வண்டிய கேட்டுல உரசிட்டேன். நல்லவேளை, உள்ள பிள்ளைங்க இல்ல"ங்கறாரு. நான் என்ன சொல்லணும்? ஐயோ, குடுங்க பாப்போம்னு வாங்கிப் பாக்கணும். நான் சொன்னேன், "புதுக் கண்ணாடின்னா அப்பிடித்தாங்க, பழகணும்." செருப்பு கடிக்கிற மாதிரின்னு உதாரணம் வேற.

பின்னாடியே தையல்காரம்மா. ஊசியில நூல் கோக்க வரலன்னு. அவங்களுக்கும் பழகணும். அப்புறம் இன்னொருத்தர். கூட்டம் சேந்துருச்சு. எல்லாரும் நிக்கிறாங்க, ஒருத்தர் பாக்கியில்லாம கேக்குறாங்க. அப்ப நான் ஒண்ணு சொன்னேன் சார். "எனக்கென்ன தெரியும், கண்ணு பாத்தது அவ. அவதான் சரியா பாக்கல போல"ன்னு, தங்கச்சியக் காட்டி விட்டேன். அத்தனை பேர் முன்னாடி.

 அவ வெள்ளைக் கோட்டக் கழட்டி மடிச்சு நாற்காலியில போட்டா. பைய எடுத்தா. போயிட்டா. கூடப் பொறந்தவ சார். இந்தக் கடை ஆரம்பிக்கிறப்ப ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு வந்தவ.

நான் அப்பவும் என்ன நினைச்சேன் தெரியுமா? தப்பு பண்ணுனதால ஓடிட்டான்னு நினைச்சேன். பேசாம என் வாய்க்கு ஒரு லைசென்ஸ் போட்டிருக்கலாம். கட்ட முடியாம நானே மூடியிருப்பேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தையல்காரம்மா மறுபடி வந்தாங்க. சண்டைக்கு வர்றாங்கன்னு நான் கண்ணாடி ஸ்டாண்டுக்குப் பின்னாடி போயிட்டேன். அவங்க நேரா மேசைக்கு வந்து, கண்ணாடிய எடுத்து, தலைகீழா மூக்குல வச்சாங்க. காம்பு காதுல நிக்கல, ஒரு விரலால புடிச்சுக்கிட்டாங்க. பையிலேருந்து ஊசிய எடுத்து மேசையில கிடந்த ஸ்பாஞ்சுல குத்தி வச்சாங்க. நூல ஒரே தடவையில கோத்துக் காட்டினாங்க. "இப்பிடிப் போட்டா தெரியுதுங்க. இப்பிடியேதான் போட்டுக்கணுமா?"ன்னு கேட்டாங்க.

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. பாதிச் சிரிப்புல நின்னு போச்சு. தலைகீழா போட்டா என்ன ஆகும் சார்? வலது லென்ஸ் இடது கண்ணுக்கு வரும், இடது வலதுக்குப் போகும். அப்பத் தெரியுதுன்னா... ரெண்டும் மாறிக் கிடக்குது. ஓடிப்போய் கம்ப்யூட்டரப் பாக்குறேன், பவர் எழுதின பழைய பில் கட்டப் புரட்டுறேன். அவங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். வலது இடதுலயும் இடது வலதுலயும் உக்காந்திருக்கு. தங்கச்சி பாத்தது அத்தனையும் சரி.

கையில பிடிச்சேன் போன. புதுக் கம்பெனிக்காரன வாங்கு வாங்குன்னு வாங்குனேன். அந்தத் தம்பி பொறுமையா கேட்டுட்டு, "சார், கணக்க மாத்தும்போது ஒரு முகம் வரைஞ்ச படம் வந்துச்சா? வலது கண்ணு பவர எதுல போடணும், அந்தக் கண்ணத் தொடுங்கன்னு கேட்டுச்சா?"ங்குறான். ஆமா, தொட்டேனே. "எந்தப் பக்கம் இருந்த கண்ணத் தொட்டீங்க?" வலது பக்கம்.  அந்தத் தம்பி சொன்னான், "சார், அந்த முகம் உங்களப் பாத்துக்கிட்டு இருக்கு."

எதிர்ல இருக்கிறவங்க வலது கண்ணு நமக்கு இடது பக்கம்தான வரும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் எதிர்ல ஆள உக்கார வச்சு மூஞ்சியில கண்ணாடி மாட்டுறவன் சார். அதுதான் என் தொழிலே.

அப்புறமென்ன, எல்லாரையும் கூப்பிட்டுப் புதுசா போட்டுக் குடுத்தேன். லைசென்ஸ்ல மிச்சம் புடிச்சது லென்ஸ்ல போச்சு. வேன் டிரைவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போறதுதான் கஷ்டமா இருந்துச்சு. மாப்பிள்ளை கதவத் தெறந்தாரு, "வாங்க மச்சான்"னாரு, ஒரு ஓரமா உக்காந்துக்கிட்டாரு. அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா, நிமிரவே இல்ல. அந்த முகம் படக் கதைய முழுசா சொன்னேன், மன்னிப்புங்கிற வார்த்தைய மட்டும் விட்டுட்டேன். எதிர் சோபாவுல உக்காந்து, "இதுதான உன் வலது கண்ணு?"ன்னு விரல நீட்டினேன். தப்பாவே நீட்டினேன், வேணும்னுதான். அவ மடிச்ச துணியிலயே மூஞ்சிய வச்சுக்கிட்டு சிரிச்சா. சிரிச்சாளா அழுதாளான்னு எனக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளை எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

கடைசியில, "அத்தனை பேர் முன்னாடி சொன்னியே அண்ணா"ன்னா. "அத்தனை பேர்கிட்டயும் போய் மாத்திச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்"னேன். அது நெசம் சார். அது ஒண்ணுதான் நான் ஒழுங்கா செஞ்சது.

திரும்பி வர்றதுக்கு ரெண்டு நிபந்தனை போட்டா. மொத நிபந்தனை, கம்ப்யூட்டர்ல நான் கை வைக்கக்கூடாது. வந்த அன்னிக்கே அவளே உக்காந்து கணக்கயெல்லாம் நேராக்கினா. அதுக்குள்ள புதுக் கம்பெனியிலேருந்து மெயில். அறிமுகம் முடிஞ்சிருச்சாம், இனிமே முழு விலையாம். பழசுக்கும் இதுக்கும் ஒரு டீக்காசு வித்தியாசம். நான் மறுபடி குதிக்கப் போனேன். அவ அமைதியா போன எடுத்து, "மூணு லைசென்ஸ் வேண்டாம், ரெண்டு போதும்"னா. அவளுக்கொண்ணு, பில் போடுற பொண்ணுக்கொண்ணு. வெளிய போர்டுல என் பேர்தான் சார் பெரிய எழுத்துல இருக்கு. இதுக்குள்ள போறதுக்குத்தான் எனக்கு வழி கிடையாது. அதான் உங்கள உக்கார வச்சிருக்கேன்.

ரெண்டாவது நிபந்தனையா? அதோ வர்றா பாருங்க, ரோட்டக் கடக்குறா. சார், சீக்கிரம் இந்த ஃபிரேமக் கையில புடிங்க, ஏதாவது விலை கேக்குற மாதிரி இருங்க. இந்தக் கதைய எந்தக் கஸ்டமர்கிட்டயும் சொல்லக்கூடாதுங்கறதுதான் ரெண்டாவது.