கம்ப்யூட்டரில் வளர்ந்த ஆள்

சுப்ராயன்: ஐயா, ஒரு நிமிஷம்... அந்த உப்பளத்து ஆளைப் பத்தி...

இன்ஸ்பெக்டர்: அதைத்தான்யா நானும் சொல்ல வந்தேன். அவனைப் பிடிக்க மெட்ராஸ்லேர்ந்து டீம் கெளம்பிடுச்சு. நாலு மணிக்கு மரக்காணம். ஏட்டு சுப்ராயன் யாருன்னு விசாரிச்சாங்களாம்.

சுப்ராயன்: விசாரிச்சுட்டாங்களா...

இன்ஸ்பெக்டர்: பின்ன? நம்ம உளவுப் பிரிவு ஆளுங்க எல்லாரும் சேர்ந்து எழுதுங்கன்னு கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் தொறந்து ஆறு மாசம் ஆவுது. உருப்படியா எழுதினவன் நீ ஒருத்தன்தான்.

சுப்ராயன்: மூணே விஷயம்தாங்க ஐயா எழுதினேன். உப்பளத்துப் பக்கம் ஒரு வெளியாளு, பச்சைப் பை, எடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான்.

இன்ஸ்பெக்டர்: அதுக்குக் கீழ வானூர் ஸ்டேஷன் கொளஞ்சி சேர்த்திருக்கான் பாரு. 'பையில் வரைபடம் இருக்கலாம்.'

சுப்ராயன்: இருக்கலாம்னுதானே...

இன்ஸ்பெக்டர்: அதுக்கும் கீழ கோட்டக்குப்பம் நடராசன். 'வானூர் தகவல்படி வரைபடம் உள்ளது. ஆள் படகில் வந்தவன்.'

சுப்ராயன்: படகு எங்கேர்ந்துங்க வந்துது?

இன்ஸ்பெக்டர்: அது அவன் தெறமை. ஏம்பா, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

சுப்ராயன்: கோவிச்சுக்காதீங்க ஐயா. வெள்ளிக்கிழமைக்குள்ள எதனா எழுதலன்னா மெமோ வருது. அன்னிக்கு எழுத ஒண்ணுமே இல்ல. என் மச்சான் குழந்தைசாமி அப்பதான் எனக்குச் சோறு எடுத்தாந்தான்...

இன்ஸ்பெக்டர்: ...பச்சைப் பையிலயா?

சுப்ராயன்: ஆமாங்க. காலும் அவன் காலுதான். மத்தபடி அப்படி ஒரு ஆளே கெடையாது.

இன்ஸ்பெக்டர்: அடப்பாவி. அவன் இப்ப எங்க?

சுப்ராயன்: உப்பளத்துலதான், உப்பு வாரிக்கிட்டு இருப்பான். நாலு மணிக்குப் பையோட கரையேறுவான். அவன் மேல கை வெச்சாங்கன்னா எம் பொண்டாட்டி என்னை வாசப்படி மிதிக்க விடமாட்டா. ஐயா... ஒரு போன் போட்டு எல்லாம் பொய்னு சொல்லிடுங்க. என்னை சஸ்பெண்டு பண்ணாலும் பரவால்ல.

இன்ஸ்பெக்டர்: நீங்க மூணு பேரு எழுதினதுக்கெல்லாம் டீம் வரலைய்யா. கடைசில ஒரு அதிகாரி, 'நேரில் பார்த்தேன், அரை மணி நேரம் பின்தொடர்ந்தேன்'னு எழுதிட்டாரு. அதுக்குத்தான் வர்றாங்க.

சுப்ராயன்: எவன் ஐயா அந்தப் புளுகன்? பேரைச் சொல்லுங்க, கால்ல வுழுந்தாவது மாத்தி எழுதச் சொல்றேன்.

இன்ஸ்பெக்டர்: கால்ல எல்லாம் வுழ வேணாம்.

சுப்ராயன்: யாருன்னு தெரியுமா உங்களுக்கு?

இன்ஸ்பெக்டர்: ...வர்ற மாசம் பிரமோஷன் லிஸ்ட்டுய்யா. நான்தான் எழுதினேன். எந்திரி, ஜீப்பை எடு. மொதல்ல உம் மச்சானைத் திண்டிவனம் பஸ்ஸுல ஏத்தி வுடுவோம்.