ஸ்க்ரீன்ல இருக்கிறதை நம்பு

டீ நன்றாக இருக்கிறது சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். டெல்லியில் தெருவோரக் கடைகளில்கூட டீக்குக் குறை வைக்க மாட்டார்கள். நீங்கள் தமிழ் பேசுகிறவர் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். இந்தி எனக்கு நன்றாகவே வரும். ஆனால் இந்த மாதிரி விஷயத்தைச் சொந்த பாஷையில் சொன்னால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

என் பெயர் பெலிக்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி. மயூர் விஹாரில் குடியிருக்கிறேன். கம்பெனிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சர்வர் பொருத்திக் கொடுப்பது என் வேலை. மனைவி சிசிலியா நர்ஸ். மகள் ஷெரின் ஒன்பதாவது படிக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். நல்ல பிள்ளை.

எங்கள் குடும்பத்தில் சண்டை கிடையாது. இதை நீங்கள் பக்கத்து வீடுகளில் விசாரித்துக்கொள்ளலாம். நான் குடிப்பதில்லை. ஒரு நாளும் அவள் மேல் கை வைத்ததில்லை. காலையில் மெட்ரோ வரை வண்டியில் கொண்டுபோய் விடுவேன். ஷிப்ட் முடிந்து வரும்போது ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். அவள் எந்த வண்டியில் ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று என் போனில் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். ஊர் அப்படிப்பட்ட ஊர் சார். அவள் போனுக்கும் என் போனுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

போன வருஷம் அவள் ஜெர்மன் படிக்க ஆரம்பித்தாள். அந்த நாட்டில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். முதலில் அவள் போவது, பிறகு என்னையும் மகளையும் அழைத்துக்கொள்வது என்று திட்டம். திட்டம் அவளுடையது. நான் மறுப்புச் சொல்லவில்லை. சப்பாத்தி போட்டுக்கொண்டே காதில் ஹெட்போனை மாட்டி அந்த பாஷையைத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். சில நேரம் சிரிப்பாள். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க, இதைத் தமிழ்ல சொல்ல வராது" என்பாள்.

முதல் தடவை பரீட்சை அன்று எனக்கு நெஞ்சு வலி வந்தது. பரீட்சைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இசிஜி சுத்தமாக இருந்தது. ஆனால் அன்று எனக்கு உண்மையிலேயே வலித்த மாதிரிதான் இருந்தது. இரண்டாம் தடவை என்னிடம் தேதியைச் சொல்லாமலே போய் எழுதிவிட்டு வந்தாள். பாஸ்.

அதற்குப் பிறகு பாக்கி இருந்தது ஒன்றுதான். இவள் பேரில் எந்தக் குறையும் இல்லை என்று வேலை பார்க்கும் மருத்துவமனை ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவளே சொன்னாள்: "எம் பேர்ல சின்னதா ஒரு என்கொயரி இருந்தாக்கூட அத தர மாட்டாங்க. நல்லவேளை, நமக்கு அப்படி ஒண்ணும் இல்ல." நான் ஆமாம் என்றேன்.

ஜூன் மாதம் அவளுடைய மருத்துவமனையில் சர்வர் போய்விட்டது. வெயிலில் கரண்ட் ஏறி இறங்கியதில் மதர்போர்டு கருகிவிட்டது. யாரைக் கூப்பிடலாம் என்று நிர்வாகி கேட்டபோது, "என் வீட்டுக்காரர் இந்த வேலைதான் செய்யுதாரு சார். சுத்தமா செய்வாரு" என்று சொன்னது சிசிலியாதான். என்னைப் பற்றி அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

நேரு பிளேஸில் புது போர்டு வாங்கினேன். இரண்டு பிராசசர் வைக்கிற போர்டு. அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் எந்தத் தவறும் செய்யவில்லை. சாக்கெட்டுக்குள் தலைமுடி கனத்தில் ஆயிரக்கணக்கான ஊசிகள் இருக்கும். ஒன்று வளைந்தால் போர்டு போச்சு. பிராசசரை விரலால் அழுத்தக் கூடாது. அதன் எடையிலேயே உட்கார விட வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மெமரியை இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பிராசசரை எடுத்துவிட்டால் அதன் பக்கத்து மெமரி முழுக்கச் செத்துவிடும். ஒன்று இல்லாமல் இன்னொன்று பாதிதான். வேறு எந்த போர்டையும்விட இந்த வகை எனக்குப் பிடிக்கும்.

மேலே பேஸ்ட் தடவி, வெப்பம் இழுக்கும் கட்டையை வைத்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினேன். சுவிட்ச் போட்டதும் விசிறிகள் விமானம் கிளம்புகிற மாதிரி அலறி அடங்கின. திரையில் இரண்டு பிராசசரும் தெரிந்தன. மெமரி முழுசாகத் தெரிந்தது. முதல் தடவையிலேயே எல்லாம் சரியாக வந்தது.

அடுத்தது செட்டிங். போர்டுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு, பித்தான் அளவு பேட்டரியில் ஓடும். புது போர்டுகள் பெரும்பாலும் ஜிஎம்டி என்கிற லண்டன் நேரத்தில் வரும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதைத் திருத்துவது என் வழக்கம். அன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். திருத்தவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். நெட்டிலிருந்து நேரத்தைத் தானாக வாங்கிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, அதற்கான டிக்கை எடுத்துவிட்டேன். இதை யார் பார்த்தாலும் மறதி என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவள் வார்டில், அவள் பேரில், ஏதோ ஒரு குளறுபடி வரும். ஒரு விசாரணை வைப்பார்கள். சான்றிதழ் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

எல்லா வார்டுகளையும் ஒரே நாளில் இணைக்க வேண்டாம், முதலில் ஒன்றில் பார்க்கலாம் என்று நிர்வாகியிடம் சொன்னேன். இரண்டாம் மாடி ஆண்கள் வார்டைச் சொன்னேன். சிசிலியா வேலை பார்க்கும் வார்டு.

மத்தியானம் அங்கே கம்ப்யூட்டரைச் சரிபார்க்கப் போனபோது ஒரு கட்டிலிலிருந்து பெரியவர் ஒருவர் தமிழில் கூப்பிட்டார். சேஷன் என்று பெயர். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு லக்ஷ்மிபாய் நகரில் இருப்பவர். சர்க்கரை, காலில் புண், சிறுநீரகமும் பலவீனம்.

"நீங்கதான் சிசிலியா ஆத்துக்காரரா?"

"ஆமா சார்."

"தங்கமான பொண்ணு. ஜெர்மனி போறேங்கறா. போயிட்டா எங்களையெல்லாம் யாரு பாத்துப்பா? நீங்களாவது போக விடாதீங்கோ."

நான் சிரித்தேன். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆதரவாக இருந்தது. என் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று வேறு ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான்.

அன்று காலை ஷிப்டில் சிந்து என்ற நர்ஸ். ஒரு மணிக்கு, சாப்பாட்டு வேளையில், சேஷனுக்கு இன்சுலின் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்தாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்து, அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பு விவரம் ஒழுங்காகச் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். இரண்டு மணி ஷிப்டுக்கு சிசிலியா வந்தாள். திரையில் சேஷனுக்குக் காலை ஏழரை மணிக்கு இன்சுலின் போட்டதாக இருந்தது. உண்மையான காலை ஊசி கம்ப்யூட்டரை இணைப்பதற்கு முன்னால் போட்டது, அதில் பதிவாகவில்லை. அதாவது காலை ஊசி போட்டாயிற்று, மத்தியான ஊசி இன்னும் போடவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

சிசிலியா அவசரக்காரி இல்லை. எனக்குப் போன் செய்தாள். நான் கீழே சர்வர் ரூமில்தான் இருந்தேன்.

"ஏங்க, இங்க சார்ட்டுல நேரம் ஒரு மாதிரியா இருக்கே. சேஷன் ஐயாவுக்கு மத்தியான ஊசி போட்டாச்சா இல்லையான்னு தெரியல. சிந்து போன் எடுக்க மாட்டுக்கா. ஐயாட்ட கேட்டா காலைல போட்டதா இப்ப போட்டதான்னு ஞாபகம் இல்லங்காரு. சுகர் பாத்தேன், சாப்பிட்டிருக்காருல்லா, கூடத்தான் காட்டுது. சிஸ்டம் சரியாத்தான இருக்கு?"

சார், நான் இங்கே வந்தது இந்த இடத்தைச் சொல்வதற்காகத்தான். அதுவரை நடந்ததை மறதி என்று சொல்லிவிடலாம். அவள் கேட்ட கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது. இன்சுலின் இரண்டு தடவை போனால் என்ன ஆகும் என்பது நர்ஸ் வீட்டில் இருக்கிற எவருக்கும் தெரியும். சேஷன் முகமும் எனக்கு ஞாபகத்தில் இருந்தது. சர்வர் ரூமில் ஏசி நன்றாகக் குளிர்ந்தது. வெளியே அனல் காற்று.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன். "நானே பாத்துப் போட்டது. ஸ்க்ரீன்ல இருக்கிறதை நம்பு."

"சரி. நீங்க சொன்னா சரிதான்," என்றாள்.

சேஷன் சாப்பிட்டதும் தூங்குவது வழக்கம். அன்றும் தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சாயங்காலம் காபி கொடுக்க எழுப்பியபோது எழவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். இருட்டுவதற்குள் போய்விட்டார்.

சிசிலியா அழுதுகொண்டு கூப்பிட்டாள். உடனே போனேன். அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, கடிகாரத்தைச் சரி செய்தேன். அன்று பதிந்தவை எல்லாவற்றையும் உண்மையான நேரத்துக்கு மாற்றினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும் சார். நான் பொய்யான பதிவு எதையும் உண்டாக்கவில்லை. சிந்து ஒரு மணிக்கு ஊசி போட்டாள், ஒரு மணி என்று இருந்தது. சிசிலியா இரண்டரைக்குப் போட்டாள், இரண்டரை என்று இருந்தது. எல்லாம் நடந்தது நடந்தபடி.

அதைப் பார்த்தவர்கள், முன்னால் போட்ட ஊசி கண்ணெதிரே இருக்க இவள் மறுபடி போட்டிருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு டாக்டர்களும் நிர்வாகியும். சிசிலியா ஓரத்து நாற்காலியில், யூனிபார்ம் இல்லாமல் சேலையில் இருந்தாள். திரையில் ஏழரை என்று இருந்ததாகவும், சந்தேகப்பட்டு என்னிடம் கேட்டதாகவும் முன்பே சொல்லியிருந்தாள்.

"உங்கள் மனைவி அந்த நேரத்தில் உங்களுக்குப் போன் செய்தாரா?" என்று நிர்வாகி இந்தியில் கேட்டார்.

"செய்தாள்."

"எதற்கு?"

"மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரச் சொன்னாள். அவ்வளவுதான்."

சிசிலியா என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்து முடித்துவிட்டு நோயாளியைப் பார்ப்பாளே, அந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலையிலிருந்து நீக்கினார்கள். சேஷனின் மகன் போலீசுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா அவளைப் பெண் மாதிரி நினைத்திருந்தார், அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள் என்றாராம். நல்ல மனுஷர். ஜெர்மனி ஏஜென்சியிலிருந்து ஒரு வரியில் மெயில் வந்தது. அதோடு அது முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எங்கள் குடும்பத்துக்கு நல்ல மாதங்கள் என்றே சொல்வேன். அவள் நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். காலையில் நானே டீ போட்டுக் கொடுத்தேன். துணி துவைத்தேன். ஞாயிறு பூசைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். அவள் பேச மாட்டாள், அவ்வளவுதான். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். ஒரு நாள் ஷெரின் ஓடி வந்து, "பப்பா, மம்மி பாத்ரூம் மே ரோ ரஹீ ஹை" என்றாள். அவள் அழுது முடித்து வரும்வரை நான் கதவுக்கு வெளியே நின்றேன். எந்தக் கணவன் அப்படி நிற்பான் சொல்லுங்கள்.

போன வாரம் அவளுடைய அண்ணன் சத்தியசீலன் ஊரிலிருந்து வந்தார். அவளும் ஷெரினும் அவரோடு தூத்துக்குடிக்குப் போகிறார்களாம். திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மருத்துவமனையில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர்தான் சொன்னார். சிசிலியா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்தேன். என் துணிகளை அலமாரியில் ஒரு பக்கமாக ஒதுக்கி, மடித்து வைத்திருந்தாள். அப்போதும் ஒழுங்கு குறையவில்லை.

நேற்று முழுக்க யோசித்தேன். ஒரு உயிர் போயிருக்கிறது. ஒரு நல்ல நர்ஸின் பேர் கெட்டிருக்கிறது. உண்மை வெளியே வர வேண்டும் என்று மனசாட்சி சொன்னது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். சேஷனைக் கொன்றது நான்தான். அவளுக்கு அதில் பங்கு கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். திகார் ஜெயிலில் வீட்டு ஆட்களைப் பார்க்க விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், அது போதும்.

இந்தக் கேஸில் முக்கியமான சாட்சி சிசிலியாதான். அவள் பொய் சொல்ல மாட்டாள். கேட்டதற்கெல்லாம் கோர்ட்டில் பதில் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு எதிரேதான் நின்று சொல்ல வேண்டும். கேஸ் முடிய எப்படியும் வருஷக் கணக்கில் ஆகும், இல்லையா? அதுவரை முக்கியமான சாட்சி டெல்லியை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு போடுவீர்கள் அல்லவா?

ஏன் கேட்கிறேன் என்றால், அவர்களுடைய ரயில் சனிக்கிழமை சார்.