அழுத்து, பிடி, விடு

மணி ஐந்தே முக்கால். நவம்பர் மாதம், அதற்குள் இருட்டு முழுசாக இறங்கிவிட்டது. கணவாய்ச் சாலையில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டி கிடையாது… மூடுபனிதான். சாலையோரம் ஒரே ஒரு கொட்டகையில் விளக்கு. ராத்கோவின் பட்டறை.

ராத்கோ, என் ஓரகத்தியின் தம்பி. பைக் மெக்கானிக். இதை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொன்னாள். நானும் உங்களிடம் அதையேதான் சொல்லப்போகிறேன். காய்ச்சுகிற ரகியாச் சாராயம் சொட்ட இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்… அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளுங்கள். நெருங்கி உட்காருங்கள்.

அன்றைக்கு அவனைத் தேடி நெதெல்கா வந்தாள். மிலேனின் விதவை. வந்தது ஒரு இரவல் வேனில். அதற்குள் செத்துப்போன புருஷனுடைய பைக். மிலேன் அந்த வசந்தத்தில்தான் மூன்றாவது வளைவில் பாறையில் மோதிச் செத்தான். போலீஸ் 'அதிவேகம்' என்று எழுதி மூடிவிட்டது. மிலேனாவது, அதிவேகமாவது! வைக்கோல் வண்டி அவனை முந்திப் போகும், இவன் கையாட்டி அனுப்பி வைப்பான். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த பைக்கின் முன் பிரேக்கைப் பிரித்துப் பூட்டியது ராத்கோ என்பதையும் ஒருவரும் மறக்கவில்லை. முக்கியமாக, நான்.

நெதெல்கா முதலில் பசையை எடுத்தாள். மிலேன் படம் போட்ட ஆறு மாத நினைவுத் தாள். எல்லோரும் வீட்டு வாசலில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். இவள் பட்டறைக் கதவில் ஒட்டினாள்.

"பாதி நாள் இங்கதானே கெடந்தாரு, அதான் அண்ணே."

"ஒட்டும்மா, நல்லா ஒட்டு" என்றான் ராத்கோ. படத்தைப் பார்க்கவில்லை.

"போலீஸ்காரங்க இப்பதான் வண்டியக் குடுத்தாங்க. முன் சக்கரம் சுத்தவே மாட்டேங்குது. பிரேக் இறுகிப் போச்சாம்."

"ஆறு மாசம் மழையில நின்னா இறுகத்தாம்மா செய்யும்."

"மழைக்கு முன்னாடியே இறுகியிருந்தா?"

அவன் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்தான்.

"காலையில வர்றேன். என் கண்ணு முன்னாடி கழட்டிக் காட்டுங்க. உங்க மேல தப்பில்லைன்னா இதே கதவுகிட்ட நின்னு மன்னிப்புக் கேக்குறேன். இருந்துச்சுன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

வண்டியை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவ்வளவு சந்தேகப்படுகிறவள் ராத்திரி முழுக்க அதை ஏன் அவனிடமே விட்டுப் போனாள்? தொடுகிறானா என்று பார்க்கத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேன் சத்தம் அடங்கியதும் ராத்கோ கதவைத் தாழிட்டான். பைக் பக்கத்தில் குந்தினான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வசந்தத்தில் அந்த பிரேக்கைப் பூட்டிய அன்றைக்கு விடுமுறை, கடை அடைப்பு. பிரேக்குக்குப் போடுகிற கிரீஸ் தீர்ந்துபோயிருந்தது. நம் ஊர் வீடுகளில் கதவுக் கீலுக்கும் பன்றிக் கொழுப்புதான், பூட்ஸுக்கும் அதுதான், குதிகால் வெடிப்புக்கும் அதுதான். அவனும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் கொழுப்பைத் தடவிவிட்டான். கொழுப்புப் பட்டால் அந்த ரப்பர் ஊதும், ஊதினால் பிஸ்டன் சிக்கும், ஓடும்போதே முன் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளும். தெரிந்தேதான் செய்தான். இரண்டு நாள்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று.

காலைக்குள் அதைப் பிரித்துத் துடைத்து, புது ரப்பர் போட்டாக வேண்டும். பிஸ்டன்கள் உட்காரும் பிரேக் கவ்வியை, காலிப்பரைக் கழற்றினான். பிரேக் எண்ணெய் வருகிற ஹோஸில் தொங்கியது. தீயைக் காட்டினான்… துரு வாசனை வரவில்லை. பொரித்த பன்றித்தோல் வாசனை. கொட்டகை முழுக்க.

இரண்டு பிஸ்டனில் ஒன்று நகர்ந்தது. மற்றது அசையவில்லை. எண்ணெய் விட்டான், தட்டினான். ம்ஹூம். ஒரே வழிதான். நகர்கிற பிஸ்டன் வெளியே வராமல் மரத்துண்டை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் மேலே பிரேக் லீவரை இன்னொருவர் அழுத்தினால் முழு விசையும் சிக்கியதன் மேல் இறங்கும். இரண்டு ஆள் வேலை. பதினைந்து வருஷமாக அந்த இன்னொரு ஆள் மிலேன். இவன் கீழே குந்திக்கொண்டு குரல் கொடுப்பான், அவன் மேலே செய்வான்.

மரத்துண்டை அழுத்தினான். குனிந்தபடியே… பழக்கம்தான், நாக்குக்கு என்ன தெரியும்?

"அழுத்து."

தலைக்கு மேலே… கிரீச்.

"பிடி" என்றும் சொல்லிவிட்டான். யோசிக்குமுன்பே.

பிஸ்டன் ஒரு நூல் அளவு வெளியே வந்தது.

நிமிர்ந்து பார்த்தான். ஆளில்லை. லீவர் மட்டும் கைப்பிடி கிரிப்போடு ஒட்டி நின்றது.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவன் ஓடவில்லை. வேலை முடியணுமே! மறுபடி குனிந்துகொண்டான்.

"விடு."

டக்.

"அழுத்து…"

கிரீச்.

பத்தாவது தடவையில் பிஸ்டன் உள்ளங்கையில் விழுந்தது. கொழுப்பைத் துடைத்தான். ஊதிப்போன வளையத்தை அடுப்பில் போட்டான். புது வளையம் போட்டுப் பூட்டினான். பிறகு உள்ளேயிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கும் இரண்டு ஆள். அதையும் அவனை வைத்தே முடித்துக்கொண்டான். செத்தவன் சாட்சியைச் செத்தவனை வைத்தே அழித்திருக்கிறான், பாருங்கள்.

காலையில் நெதெல்கா வந்தாள். காலிப்பரைக் கழற்றிக் காட்டினான். புதுசுபோலச் சுத்தம். மாட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினான். சர்ரென்று சுற்றியது. நெதெல்கா அழுதுவிட்டாள்.

"அண்ணே, நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்…"

சக்கரம் நின்றது. தானாக நிற்கவில்லை, பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். லீவர் கிரிப்போடு ஒட்டியிருந்தது.

ராத்கோ எட்டி இழுத்தான். வரவில்லை. நெம்புகோல் வைத்தான். நெம்புகோல்தான் வளைந்தது. நெதெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம்.

"நீங்க ஒண்ணு சொல்லுவீங்களாமே அண்ணே. சொன்னாத்தான் கைய எடுப்பேன்னு அவரு சிரிப்பாரு. சொல்லுங்க."

"என்னத்தம்மா சொல்றது?"

"சொல்லுங்க."

சொன்னால் அங்கே ஆள் இருக்கிறான் என்று ஆகிவிடும். எதற்காக இருக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். ராத்கோ சொல்லவில்லை. அவள் கிளம்பிப் போய்விட்டாள். போலீஸுக்குப் போகவில்லை. தினமும் காலையில் வந்து கதவருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

பைக் இன்னும் அங்கேயேதான். சக்கரம் சுற்றாது, நகர்த்த முடியாது. நான் சும்மா இருப்பேனா? போன வாரம் ராத்கோ இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போனேன். என்னதான் இறுகியிருக்கிறது என்று லீவரின் மேல் கையை வைத்தேன்.

வைக்க இடமில்லை… ஏற்கெனவே நான்கு விரல்கள் இருந்தன. சூடாக.