சீட் பெல்ட்டில் மஞ்சள்

இந்த ஜீப்பைத் துணி துவைக்கிற பவுடர் போட்டுக் கழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்ற அதன் பானட் வெளுத்துப் போய், சுண்ணாம்புக் கையால் தடவியது மாதிரி இருந்தது. துணி சோப்பு அழுக்கை மட்டும் எடுக்காது. பெயிண்டுக்கு மேலே இருக்கிற மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். அதற்குப் பிறகு வெயில் நேராகப் பெயிண்டைத் தின்னும். இன்ஸ்பெக்டர் ஏஞ்சல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர்" என்றபோது நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் அங்கிருந்தே தொடங்கினேன்.

என் பெயர் ஹேமாவதி. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. என் கணவர் ஷ்யாம்சுந்தருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு வெள்ளைக் கார் இருந்தது.

எங்கள் தெருக் கார்களை எல்லாம் தீனா என்பவர்தான் துடைப்பார். ஒரே வாளி, ஒரே பழைய பனியன் துணி. பக்கத்து வீட்டுக் காரின் மண்ணை எங்கள் கார் மேல் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வெயில் சாய்வாக விழும்போது கதவைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரிக் கீறல்கள் தெரியும். ஒருநாள் அவரை நிறுத்திக் காட்டினேன்.

"இன்னாக்கா, பூதக்கண்ணாடி வச்சிகினு பாக்கறியா? வண்டின்னா கோடு விழத்தான் செய்யும். உன் வூட்டுக்காரரே ஒண்ணும் சொல்லல."

"அவர் எதையும் பார்க்க மாட்டார் தீனா. நான் பார்ப்பேன்."

"அப்ப நீயே தொடச்சிக்கோ. எனக்கு இன்னா பேஜாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்த வாரத்திலிருந்து காரை நானே கழுவினேன்.

ஒன்றைச் செய்வதென்றால் படித்துவிட்டுச் செய்வது என் வழக்கம். ஷாம்பு வாங்கும்போது வாசனையையும் நுரையையும் பார்க்கக் கூடாது. அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுநிலையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் வாங்கியதைப் பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் அப்படியே இருந்தன. அந்தக் கம்பெனி பொய் சொல்லவில்லை. இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனென்றால் கீழேதான் மண் அதிகம். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நிழலில் செய்ய வேண்டும். காய்ந்த பிறகு மெழுகு, கண்ணாடிக்குத் தனித் துணி, உள்ளே டாஷ்போர்டுக்கு ஒரு பாலிஷ். அந்த பாலிஷ் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

"கார்தான் ஹேமா. கோயில் விக்கிரகம் இல்ல" என்பார் ஷ்யாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இரண்டு வேலை. திங்கட்கிழமை அசெம்பிளிக்கு ஆசிரியைகள் எல்லோரும் வெள்ளைப் புடவை கட்ட வேண்டும், அதற்குக் கஞ்சி போடுவது ஒன்று. காரைக் கழுவுவது இன்னொன்று.

ஒரு காரைத் தொடர்ந்து கழுவுகிறவளிடம் அந்தக் கார் பேச ஆரம்பித்துவிடும். ஷ்யாமுடைய கம்பெனி யார்டில் ஒட்டுவது சாம்பல் நிறப் புழுதி. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று போய்விட்டு வந்தால், சக்கரத்தின் உள்வளைவில் செம்மண் இருந்தது. இடது பக்க முன்சீட் பின்னால் தள்ளிச் சாய்க்கப்பட்டிருந்தது. நான் உட்காரும் இடம் அது. நான் நிமிர்ந்துதான் உட்காருவேன். சீட்டின் இடுக்கில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு. டாஷ்போர்டு அறையில் குன்றத்தூர் முருகன் கோயில் விபூதிப் பொட்டலம்.

"முன்சீட்ல யாரு உக்காந்தா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல டெனிஸ். லிஃப்ட் கொடுத்தேன்."

டெனிஸ் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வளையல் போடுகிறவர் இல்லை. குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போகிறவரும் இல்லை. ஆனால் நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் அது நான் கண்டுபிடித்ததாக இருக்காது. அந்த நாட்களில் சந்தேகம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை முழுக்கக் காத்திருப்பேன். ஞாயிறு காலை வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பரீட்சைத் தாள் கட்டைப் பிரிக்கிற மாதிரி ஒரு சுறுசுறுப்பு வரும்.

குன்றத்தூரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதாவது, ஷ்யாமுடைய அக்கா தையல்நாயகி அங்கே இருக்கிறார். ஆனால் அவரோடு எங்களுக்குப் போக்குவரத்து கிடையாது. கார் வாங்கிப் பூஜை போட்ட அன்று, எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடக்கும்போதே, எல்லோர் முன்னாலும், "இவ்ளோ பெரிய வண்டி வாங்கியாச்சு. பின்சீட்ல யார உக்கார வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். கணவரை இழந்தவர், வயதில் பெரியவர், விளையாட்டாகச் சொன்னார் என்றார் ஷ்யாம். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். அதனால் குன்றத்தூரில் யாரும் இல்லை என்று நான் சொல்வது சரிதான்.

பிறகு அந்தக் கறை வந்தது.

இடது சீட்டின் பெல்ட்டில், உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேராக வருகிற இடத்தில், மஞ்சளும் பழுப்புமாக ஒரு தடம். பெல்ட்டை இழுத்து என் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகத் தாலி கிடக்கிற இடத்துக்கு அருகில் வந்தது. புதிதாகக் கட்டிய மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தால் உராய்கிற துணியில் எல்லாம் ஒட்டும். அதை நான் என் கல்யாணப் புடவைகளில் பார்த்திருக்கிறேன். குன்றத்தூர் மலையில் முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். செம்மண், வளையல், விபூதி, மஞ்சள் கயிறு. ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றுவது ஒன்று. அவளுக்குத் தாலி கட்டிவிட்டு என் இடத்தில் உட்கார வைப்பது வேறு.

இந்த இடத்தில் ஏஞ்சல் எழுதுவதை நிறுத்தினார். "மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்குமே டீச்சர். எங்க வீட்டுச் சட்டையெல்லாம் அப்படித்தான் ஆகும்."

நல்ல கேள்வி என்றேன். மஞ்சள் காரத்தில்தான் சிவக்கும். என் ஷாம்பு நடுநிலையானது. அதனால் அந்தக் கறை சிவக்காமல் இருந்தது எதையும் நிரூபிக்கவில்லை.

"வீட்ல துணி சோப்பு இருந்துச்சில்ல?"

"இருந்தது."

"ஒரு தடவை தேய்ச்சுப் பாத்திருக்கலாமே."

"காரில் துணி சோப்பு போடக் கூடாது மேடம்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொன்னேன். பெல்ட்டைத் துடைத்த துணியை, கை போன போக்கில் கஞ்சி வாளியில் போட்டுவிட்டேன். எடுக்கும்போது கறை பட்ட இடம் கருநீலமாகியிருந்தது. புடவைச் சாயம் இறங்கியிருக்கும். அந்தத் துணியைக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் சண்டை போடவில்லை. பள்ளிக்குப் போனேன். ஷ்யாமுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். அவர் இளைத்திருந்தார். ராத்திரி படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை, "ஹேமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ கோவப்படக் கூடாது" என்றார். தலைவலிக்கிறது, நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் அவர் ஆரம்பிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது அந்த பாலிஷ். டாஷ்போர்டுக்கும் கதவின் உள்பக்கத்துக்கும் போடுவது. வழவழவென்று ஒரு படலம் விடும், தூசி ஒட்டாது. பாட்டிலின் பின்னால் எழுதியிருப்பது இதுதான்: ஸ்டியரிங்கிலும் மிதிகளிலும் பூசாதீர்கள், வழுக்கும். எல்லோரும் முன்பக்கத்துப் படத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பின்பக்கம் படிக்கிறவள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடிக்கப் போகிறது என்று எல்லா போனிலும் வந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் காருக்குள் குனிந்து உட்கார்ந்து, பிரேக் மிதியின் ரப்பரைப் பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தேன். கால் பட்டுப் பட்டுச் சாம்பலாகிப் போயிருந்தது. துடைத்துக் காயவிட்டு பாலிஷ் பூசினேன். காய்ந்ததும் மறுபடி பூசினேன். கன்னங்கரேலென்று புதுசு மாதிரி வந்தது. வேலை திருத்தமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈரச் செருப்புக் கால் அதில் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூசினேன். பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று எழுதினால் வக்கீலுக்கு வசதியாக இருக்கும். அப்படி எழுத வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் நல்ல மழை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு ஷ்யாம், "இன்னிக்கு வண்டி வேணாம்னு தோணுது. ஆட்டோ கிடைக்குமா பாக்கறேன்" என்றார். அவருக்கு மழையில் ஓட்டப் பிடிக்காது.

"இந்த மழையில எந்த ஆட்டோ வரும்? காரை எடுத்துட்டுப் போங்க. உள்ள வெளியன்னு எல்லாம் துடைச்சு வச்சிருக்கேன்."

கதவைத் திறந்தவர், "கல்யாணப் பொண்ணு மாதிரி வச்சிருக்கே. காலை வைக்கவே மனசு வரல" என்றார்.

"மெதுவா போங்க" என்றேன். அதை நான் எப்போதும் சொல்வேன்.

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வருகிற சாலையில் ஒரு தண்ணீர் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. பின்னால் வந்த எங்கள் கார் நிற்கவில்லை. ஷ்யாம் அங்கேயே போய்விட்டார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கால் முறிந்து, உயிர் இருக்கிறது என்றார்கள். யார் அது என்று நான் கேட்கவில்லை. மெக்கானிக், பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை, மிதியில்தான் ஏதோ வழவழப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தக் காரை யார் துடைப்பார்கள் என்று போலீஸ் தெருவில் விசாரித்தபோது தீனா கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமே கெடியாது சார். அக்காதான் எல்லாம்" என்று சொல்லியிருக்கிறார். உண்மைதான். அவரை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் பாவம், அவர் மேல் வந்திருக்கும்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு ஏஞ்சல் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொம்பள யாருன்னு நீங்க கேக்கவே இல்ல டீச்சர்."

"தேவையில்லை."

"தையல்நாயகி. உங்க நாத்தனார். ரெண்டு கிட்னியும் போச்சு. மத்த நாள்ல ஆட்டோவுல போவாங்களாம், சனிக்கிழமை மட்டும் தம்பி வந்து டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவாராம். நிமிர்ந்து உக்கார முடியாது, அதான் சீட்டைச் சாய்ச்சுவிட்டிருக்கார். இடது தோளுக்குக் கீழ டியூப் போட்டிருக்கு. அதைச் சுத்தி அயோடின் மருந்து தடவி கட்டு போடுவாங்க. வழியில பெல்ட்ல ஒட்டும்னு அவங்களே சொன்னாங்க. 'ஹேமாவுக்குத் தெரிஞ்சா திட்டும், தொடைச்சிடு தம்பி'ன்னு சொல்வாங்களாம்."

ஷ்யாம் துடைத்திருக்கவில்லை. அவர் எதையும் பார்க்க மாட்டார் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"அவங்க சொல்றதை நீங்க அப்படியே எழுதிக்கலாம்" என்றேன். "நான் பார்த்தது மஞ்சள்."

ஏஞ்சல் கோபப்படவில்லை. குரலை இன்னும் தாழ்த்தினார். "நான் ஆறாவது படிக்கும்போது எங்க மிஸ் வடிச்ச கஞ்சியில அயோடின் விட்டுக் காட்டினாங்க. கருநீலமா மாறும். மேஜிக் மாதிரி இருக்கும். நீங்களும் காட்டுவீங்க இல்ல?"

"ஒவ்வொரு வருஷமும்."

"பிள்ளைங்க கை தட்டுவாங்களா?"

"தட்டுவார்கள்."

வெளியே யாரோ அந்த ஜீப்பின் மேல் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினார்கள். உச்சி வெயிலில், சுடுகிற தகரத்தின் மேல். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வட்டமாகக் கறை விடும்.

"கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு எழுத வேண்டியிருக்கு" என்றார் ஏஞ்சல். "சாயம் இறங்கிடுச்சுன்னு சொன்னீங்களே. அன்னிக்கு அந்த வாளியில இருந்த புடவை என்ன நிறம் டீச்சர்?"

பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"புடவைன்னு மட்டும் எழுதிக்குங்க மேடம்" என்றேன். "நிறம் வேண்டாம்."